விமானம் ஓட்டாமலே விமானிக்குப் பாடம் சொல்லலாம்: அமெரிக்கத் தரைப் பயிற்றுநர் சான்றிதழுக்கு ஒரு வழிகாட்டி

எஃப்ஏஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குக் கற்றுத்தருவோருக்கு இரண்டு வகைச் சான்றிதழ்களை வழங்குகிறது. ஒன்று, மாணவரோடு விமானத்தில் ஏறிக் கற்றுத்தரும் பறப்புப் பயிற்றுநருக்கானது. மற்றொன்று, வகுப்பறையில் பாடம் நடத்தும் தரைப் பயிற்றுநருக்கானது. இரண்டாவதைப் பெற விமானி உரிமம் தேவையில்லை. மருத்துவச் சான்றும் தேவையில்லை. "எங்கே, ஒரு பாடம் நடத்திக் காட்டுங்கள்" என்று எவரும் எதிரே அமர்ந்து கேட்பதும் இல்லை. இரண்டு கணினித் தேர்வுகளில் தேறி, ஓர் அலுவலகத்துக்குப் போய் வந்தால் போதும்.

வசதியும் வில்லங்கமும் சேர்ந்தே இருக்கும் இடம் இது. கற்பிக்கும் திறனை ஒருவரும் நேரில் சோதிக்காமல் கையில் கிடைத்துவிடும் ஆசிரியர் சான்றிதழ் இது என்பதால், அந்தச் சோதனையை நாமேதான் நமக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே சான்றிதழ் வாங்கும் வழியைக் கொஞ்சம் வேகமாகவும், வாங்கிய பிறகு செய்ய வேண்டியதை நிதானமாகவும் பார்ப்போம்.

என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது

தனியார் விமானி உரிமம் பெற விரும்பும் மாணவர் 60 கேள்விகள் கொண்ட கணினித் தேர்வு ஒன்றை எழுத வேண்டும். அந்தத் தேர்வுக்கு அவர் நேராகப் போய் உட்கார முடியாது. அவர் பாடங்களைப் படித்துத் தயாராக இருக்கிறார் என்று அதிகாரம் பெற்ற பயிற்றுநர் ஒருவர் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். அந்தக் கையொப்பத்தைப் போடும் உரிமை தரைப் பயிற்றுநருக்கு உண்டு. அதற்கு முந்தைய பாடங்கள் அனைத்தையும் நடத்தி, மாணவரின் பதிவேட்டில் குறிக்கும் உரிமையும் உண்டு.

உரிமம் பெற்றுவிட்ட விமானிகளுக்கும் இவர் தேவைப்படுகிறார். விமானிகள் பொதுவாக 24 காலண்டர் மாதங்களுக்கு ஒருமுறை மறுஆய்வுப் பயிற்சி எடுக்க வேண்டும். அதில் குறைந்தது ஒரு மணி நேரம் பறப்பும் ஒரு மணி நேரம் தரைப் பாடமும் இருக்க வேண்டும். தரைப் பாடத்தை நீங்கள் நடத்தலாம், பறப்புப் பகுதி பறப்புப் பயிற்றுநருடையது.

எல்லைக்கோடு தெளிவானது. மாணவரைத் தனியாகப் பறக்க அனுமதிக்கும் கையொப்பம் உங்களுடையது அல்ல. அதற்கு முன் நடக்கும் எழுத்துச் சோதனையும் அவரை அனுப்பிவைக்கும் பறப்புப் பயிற்றுநரின் பொறுப்பு. உரிமம் பெறத் தேர்வாளர் முன் பேசியும் பறந்தும் காட்டும் செயல்முறைத் தேர்வுக்கு மாணவரின் பறக்கும் திறன் போதும் என்று சான்று சொல்வதும் அப்படியே. எவ்வளவு நெருக்கமான மாணவர் கேட்டாலும் இந்த இடங்களில் பேனாவை எடுக்கக்கூடாது.

எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று பிரிவுகள் உள்ளன. அடிப்படைப் பிரிவான பிஜிஐ, விளையாட்டு விமானி, பொழுதுபோக்கு விமானி, தனியார் விமானி ஆகிய உரிமங்களுக்கான பாடங்களோடு நின்றுவிடும். மேல்நிலைப் பிரிவான ஏஜிஐ, வணிக விமானி உட்பட எந்த உரிமத்துக்கான பாடத்தையும் நடத்த அனுமதிக்கும், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான கருவிவழிப் பறப்புத் தகுதி ஒன்றைத் தவிர. விடுபட்ட அந்த ஒன்றுக்காகவே ஐஜிஐ என்ற மூன்றாவது பிரிவு இருக்கிறது.

பிஜிஐ எழுதுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பிஜிஐ செய்யும் எல்லாவற்றையும் ஏஜிஐ செய்யும். தேர்வுக் கட்டணமும் ஒன்றுதான். பிஜிஐ தேர்வில் 80 கேள்விகள், ஏஜிஐ தேர்வில் 100, இரண்டுக்கும் இரண்டரை மணி நேரம். கூடுதலாக 20 கேள்விகளுக்குப் படிக்கும் உழைப்பு கண்டிப்பாக வீண் போகாது. நேராக ஏஜிஐ எழுதுங்கள். மேகத்துக்குள் பறப்பவர்களுக்கும் பாடம் நடத்தும் எண்ணம் இருந்தால் பின்னர் ஐஜிஐயைச் சேர்த்துக்கொள்ளலாம். அது 50 கேள்விகள் கொண்ட தேர்வு.

அடிப்படைத் தகுதிகள் இரண்டே: 18 வயது நிறைந்திருக்க வேண்டும், ஆங்கிலம் படிக்க, எழுத, பேச, புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும்.

கற்பித்தல் அடிப்படைகள் தேர்வு

பிரிவுக்கான பாடத் தேர்வு ஒன்று. அதோடு எஃப்ஓஐ எனப்படும் கற்பித்தல் அடிப்படைகள் தேர்வும் உண்டு: 50 கேள்விகள், ஒன்றரை மணி நேரம். ஏழாம் வகுப்பு அல்லது அதற்கு மேற்பட்ட நிலையில் கற்பிக்கச் சான்றிதழ் பெற்ற பள்ளி ஆசிரியர்களுக்கும், அங்கீகாரம் பெற்ற கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் பணிபுரிவோருக்கும் இந்தத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. ஏற்கெனவே பறப்புப் பயிற்றுநராக இருப்பவருக்கும் விலக்கு உண்டு. நீங்கள் ஆசிரியராக இருந்தால் இரண்டு தேர்வு ஒன்றாகிவிடும். உரிய சான்றுகளை மட்டும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

விலக்கு இல்லாதவர்களுக்குப் பெரும் எரிச்சலைத் தருவதும் இந்தத் தேர்வுதான். விமானத்தைப் பற்றிக் கேட்காமல், உளவியலாளர் தார்ண்டைக்கின் கற்றல் விதிகள், இன்னோர் உளவியலாளர் மாஸ்லோவின் தேவைப் படிநிலை, பதற்றத்தில் இருக்கும் மாணவரின் தற்காப்பு மனநிலைகள் என்றெல்லாம் கேட்கும். எஃப்ஏஏ தன் தளத்தில் இலவசமாக வெளியிடும் பயிற்றுநர் கையேட்டில் என்ன சொற்கள் உள்ளனவோ அதே சொற்களில் விடையை எதிர்பார்க்கும். ஆகவே அந்தக் கையேட்டையே படியுங்கள். வேறு இடத்தில் படித்த கல்வி உளவியல் இங்கே குழப்பத்தைத்தான் தரும்.

மனப்பாடம் செய்வதற்கு இடையில் ஒன்றை மட்டும் நின்று கவனியுங்கள். கற்றலில் நான்கு நிலைகள் என்று அந்தக் கையேடு பிரிக்கிறது: ஒப்பித்தல், புரிதல், பயன்படுத்துதல், தொடர்புபடுத்துதல். தேர்வு முடிந்ததும் பலர் மறந்துவிடும் இந்தப் பட்டியல் வகுப்பறையில் அன்றாடம் கைகொடுக்கும். கீழே அதற்குத் திரும்ப வருகிறேன்.

பறப்புப் பயிற்றுநராகும் எண்ணம் கொண்டவர்களுக்கு ஒரு கூடுதல் லாபம். கணினித் தேர்வு முடிவுகள் 24 காலண்டர் மாதங்களுக்கே செல்லும். எஃப்ஓஐ எழுதிவிட்டு விமானத்தில் பயிற்சியை முடிப்பதற்குள் காலம் ஓடிவிட்டால் மறுபடியும் எழுத நேரும். அந்தக் காலத்துக்குள் தரைப் பயிற்றுநர் சான்றிதழை வாங்கிவிட்டால், பின்னாளில் பறப்புப் பயிற்றுநர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது எஃப்ஓஐ கேட்கப்படுவதில்லை.

தேர்வு மையம் முதல் அலுவலகம் வரை

ஐஏசிஆர்ஏ என்ற எஃப்ஏஏவின் இணையதளத்தில் கணக்கு தொடங்கினால் எஃப்டிஎன் என்ற அடையாள எண் கிடைக்கும். அது இல்லாமல் தேர்வுக்குப் பதிவு செய்ய முடியாது. தேர்வுகளை பிஎஸ்ஐ நிறுவனத்தின் மையங்களில் எழுத வேண்டும். கட்டணம் ஒரு தேர்வுக்குச் சுமார் 175 டாலர். மாணவ விமானிகளுக்குப் போலன்றி, உங்களுக்கு யாருடைய பரிந்துரைக் கையொப்பமும் தேவையில்லை. ஆனால் தோற்றுவிட்டால் கதை மாறும். மறுபடி எழுத, அதிகாரம் பெற்ற பயிற்றுநரிடம் கூடுதல் பயிற்சி பெற்று அவர் கையொப்பத்தோடு வர வேண்டும். தேர்ச்சிக்கு 70 விழுக்காடு.

தேறிய பிறகு ஐஏசிஆர்ஏவில் விண்ணப்பத்தை நிரப்பி, உங்கள் பகுதிக்கான எஃப்எஸ்டிஓ என்ற எஃப்ஏஏ வட்டார அலுவலகத்தில் நேரம் கேட்டுப் பெறுங்கள். முன்னறிவிப்பின்றிப் போனால் வேலை நடக்காது. தேர்வு முடிவுத் தாள்கள், புகைப்பட அடையாள அட்டை, விலக்கு கோரினால் அதற்கான சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அங்கே நடப்பது ஆவணச் சரிபார்ப்பு மட்டுமே. 120 நாட்களுக்குச் செல்லும் தற்காலிகச் சான்றிதழைக் கையில் தந்து அனுப்புவார்கள். நிரந்தர அட்டை பின்னர் அஞ்சலில் வரும்.

முதல் வகுப்புக்கு முன்

இனிமேல்தான் உண்மையான வேலை. அனுபவமுள்ள பயிற்றுநர் ஒருவரின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். பெரும்பாலானோர் மறுக்க மாட்டார்கள். அங்கே பாடத்தைக் கவனிக்காதீர்கள், அது உங்களுக்குத் தெரியும். மாணவர்களின் முகத்தைக் கவனியுங்கள். எந்த இடத்தில் குறிப்பெடுப்பதை நிறுத்துகிறார்கள், எந்தக் கேள்விக்கு எல்லோரும் மேசையைப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே பயிற்றுநர் முன்னிலையில் நீங்கள் ஒரு பாடம் நடத்தி, தயவு தாட்சண்யம் பார்க்காமல் குறை சொல்லச் சொல்லுங்கள். சட்டம் கேட்காத இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேராக மாணவர்முன் போய் நிற்பவர்களே அதிகம்.

நீங்கள் விமானி அல்ல என்றால் இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு பறப்புப் பள்ளியில் அறிமுகப் பறப்பு ஒன்றுக்குப் பணம் கட்டி ஏறிவிடுங்கள். ஹெட்செட்டில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல் எவ்வளவு விரைவாகக் கடந்து போகிறது, வரைபடத்தில் பெரிதாகத் தெரியும் ஓடுபாதை மேலிருந்து எவ்வளவு சிறியதாக இருக்கிறது என்பதை ஒருமுறை உணர்ந்தவர் நடத்தும் பாடத்துக்கும் உணராதவர் நடத்தும் பாடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மாணவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு பாடத்தை அமைப்பது எப்படி?

டென்சிட்டி ஆல்டிடியூட் எனப்படும் அடர்த்தி உயரத்தை எடுத்துக்கொள்வோம்: காற்றின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் விமானம் எந்த உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும் என்பதே அது. புத்தகத்தில் இரண்டு பத்தி, தேர்வில் ஓரிரு கேள்வி. ஆனால் கோடைக்கால மதியத்தில் மலைப்பகுதி விமானத்தளத்திலிருந்து கிளம்பும் சிறு விமானம் ஓடுபாதை முடிந்தும் ஏற முடியாமல் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

சூத்திரத்தில் தொடங்காதீர்கள். மாணவர் எந்த விமானத்தில் பழகுகிறாரோ அதன் கையேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மேலெழும்பத் தேவையான தூரம் தரப்பட்டுள்ள அட்டவணையைத் திறந்து, கடல் மட்டத்தில் குளிர்ந்த நாளுக்கு ஓர் எண்ணையும், உயரமான இடத்தில் வெப்பமான நாளுக்கு ஓர் எண்ணையும் அவரையே எடுத்து எழுதச் சொல்லுங்கள். இரண்டும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்த்ததும் "ஏன்?" என்ற கேள்வி அவரிடமிருந்தே வரும். அது வரும் வரை காத்திருங்கள்.

பிறகு காரணம். வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. இன்ஜினுக்குள் போகும் காற்று குறைவதால் திறன் குறைகிறது. புரொப்பெல்லர் பிடித்துத் தள்ளுவதற்கும் காற்று குறைவு. சிறகு அதே தூக்குவிசையைத் தர, காற்றில் இன்னும் வேகமாக ஓட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் பலரைத் தடுக்கி விழவைக்கும். வேகமானி முள் வழக்கமான எண்ணைத்தான் காட்டும், மூக்கைத் தூக்கும் வேகமும் வழக்கமானதுதான். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் உண்மை வேகம் அதிகம். ஆகவே அந்த வேகத்தை எட்ட ஓடுபாதையும் அதிகம் வேண்டும். முள் சரியாகத்தானே காட்டுகிறது என்று நம்பும் மாணவரை இந்த இடத்தில் நிறுத்திப் பேசவையுங்கள்.

கணக்கு கடைசியில். கொலராடோவின் லெட்வில் விமானத்தளம் 9,934 அடி உயரத்தில் இருக்கிறது. வட அமெரிக்காவின் மிக உயரமான பொது விமானத்தளம் அது. கணக்குகளுக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளும் திட்ட வளிமண்டலத்தில் கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ், 1,000 அடிக்குச் சுமார் 2 டிகிரி குறையும். அப்படியானால் லெட்வில்லில் திட்ட வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 5 டிகிரி. இதமான ஒரு நாளில் அங்கே 20 டிகிரி இருந்தால் வித்தியாசம் 25 டிகிரி. டிகிரிக்கு 120 அடி என்ற தோராய விதிப்படி 3,000 அடி கூடுகிறது. காற்றழுத்தம் திட்ட அளவில் இருப்பதாகக் கொண்டால், விமானம் ஏறத்தாழ 12,900 அடியில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும், சக்கரம் இன்னும் தரையில் இருக்கும்போதே! வெறும் சட்டையோடு நடந்து போக ஏற்ற வானிலைதான் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். மாணவர்களை ஏமாற்றுவது அந்த இதம்தான்.

இப்போது நான்கு நிலைகளுக்கு வருவோம். சூத்திரத்தைச் சொல்வது ஒப்பித்தல். வெப்பம் ஏன் கெடுக்கிறது என்று விளக்குவது புரிதல். நாளைய வெப்பநிலையை வைத்துத் தன் விமானத்துக்குத் தேவையான ஓடுபாதையைக் கணக்கிடுவது பயன்படுத்துதல். "நண்பர்கள் மூவர் வருகிறார்கள், மதியம் கிளம்பலாம் என்கிறார்கள், என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு, எடை, எரிபொருள், கிளம்பும் நேரம், மறுத்துச் சொல்லும் துணிவு ஆகிய நான்கையும் சேர்த்து யோசித்தால் அது தொடர்புபடுத்துதல். கணினித் தேர்வில் முதல் இரண்டு நிலைகளோடு சிலர் தப்பிவிடலாம். செயல்முறைத் தேர்வின் ஒரு பகுதியான வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் நான்காவதைத்தான் தேடுவார்.

சிறகு தூக்குவிசையை இழக்கும் நிலையான ஸ்டால் பற்றிய பாடத்திலும் இதே பழக்கம் உதவும். "வேகம் குறைந்தால் ஸ்டால் ஆகும்" என்று மாணவர் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். சிறகு காற்றைச் சந்திக்கும் கோணம் வரம்பை மீறும்போதுதான் ஸ்டால் வருகிறது, எந்த வேகத்திலும் வரலாம். உயரம் மாறாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பும்போது சிறகின் சுமை இரண்டு மடங்காகிறது, ஸ்டால் வேகம் சுமார் 41 விழுக்காடு கூடுகிறது. நேர்ப்பறப்பில் 50 நாட் (மணிக்கு 50 கடல் மைல்) என்றால் அங்கே ஏறத்தாழ 71. தரையிறங்கும் முன் ஓடுபாதையின் நேர்க்கோட்டைத் தாண்டிவிட்ட பதற்றத்தில் இறுக்கித் திரும்பும் விமானிக்கு இந்த எண் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். புதிய பயிற்றுநர்களுக்கு மிகக் கடினமான திறமை இந்த மௌனம்தான்.

பறப்புப் பயிற்றுநரோடு சேர்ந்து வேலை செய்வது

முதலில் பதிந்த பாடம் எளிதில் அழியாது என்பது கற்றல் விதிகளில் ஒன்று. நீங்கள் வகுப்பில் ஒரு முறையைச் சொல்லி, பறப்புப் பயிற்றுநர் விமானத்தில் வேறொன்றைச் சொன்னால் இழப்பு மாணவருக்கு. ஆகவே குறிப்பிட்ட விமானத்தின் செயல்முறைகள், சரிபார்ப்புப் பட்டியல், அந்தப் பள்ளியின் வழக்கம் ஆகியவற்றில் அவர் சொல்வதைப் பின்பற்றுங்கள். கோட்பாடு, விதிகள், வானிலை, வான்வெளி, திட்டமிடல் ஆகியவற்றைச் சுமக்க வேண்டியவர் நீங்கள். வாரத்துக்கு ஒருமுறை, இந்த மாணவருக்கு இது புரிந்திருக்கிறது, இது தடுமாறுகிறது என்று நான்கு வரி எழுதி அவருக்கு அனுப்பினால், இன்ஜின் ஓடும்போது விளக்க வேண்டிய பலவற்றை அவர் விளக்காமலே விடலாம். ஓடும் இன்ஜினுக்கு மாணவர்தானே பணம் கட்டுகிறார்.

பகுதி 141 என்ற விதியின்கீழ் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் சேர்ந்தால், தனியார் விமானிப் படிப்புக்குத் தரைப் பாடம் மட்டுமே குறைந்தது 35 மணி நேரம். பாடத்திட்டமும் முன்பே வகுக்கப்பட்டிருக்கும். பகுதி 61 விதியின்கீழ் தனியாகக் கற்பித்தால் தரைப் பாடத்துக்குக் குறைந்தபட்ச மணிக்கணக்கு இல்லை. தொடக்கத்தில் முதல் வகைப் பள்ளி நல்லது என்பது என் எண்ணம்; ஒழுங்கு தானாக வந்துவிடும்.

கையொப்பம் போடும் முன்

வீட்டிலேயே காணொளிப் பாடம் முடித்துவிட்டு, "ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று வருபவர்கள் உண்டு. வீட்டுப் பாடத்தை விதி ஏற்கிறது. ஆனால் அவர் தேர்வுக்குத் தயார் என்று எழுதித் தருவது நீங்கள். மாதிரித் தேர்வு முடிவுகளைக் கேளுங்கள், பிறகு வான்வெளி வரைபடத்தை விரித்து அரை மணி நேரம் பேசிப் பாருங்கள். விடையை மட்டும் மனப்பாடம் செய்தவர் அந்த நேரத்துக்குள் வெளிப்பட்டுவிடுவார்.

ஏஜிஐ வைத்திருப்பவர் கருவிவழிப் பறப்புத் தேர்வுக்குக் கையொப்பமிட முடியாது என்பதை மறக்காதீர்கள். கையொப்ப வாசகங்களை நீங்களாக இயற்ற வேண்டாம். ஏசி 61-65 என்ற எஃப்ஏஏ சுற்றறிக்கையில் மாதிரிகள் உள்ளன. அதன் புதிய பதிப்பைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். நடத்தாத பாடத்தை நடத்தியதாகப் பதிவேட்டில் எழுதுவது பொய்ப் பதிவு. அதற்காக எஃப்ஏஏ உங்களிடமுள்ள எந்தச் சான்றிதழையும் பறிக்கலாம்.

மாணவர் தேறியதோடு கடமை முடிந்ததாக நினைக்க வேண்டாம். முடிவுத் தாளில் அவர் தவறவிட்ட பகுதிகள் குறியீடுகளாக அச்சிடப்பட்டிருக்கும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அந்தப் பகுதிகளைக் கட்டாயம் கேட்பார். 90 வாங்கியவருக்கு ஓரிரு மணி நேரம், 72 வாங்கியவருக்குக் கணிசமான நேரம் ஒதுக்கி, குறியீடு குறியீடாகப் பாடத்தைத் திரும்ப நடத்துங்கள்.

சான்றிதழை உயிரோடு வைத்திருக்க

இந்தச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி கிடையாது. ஆனால் பயன்படுத்தும் உரிமைக்கு நிபந்தனை உண்டு. கடந்த 12 மாதங்களுக்குள் தரைப் பயிற்றுநராகவோ பறப்புப் பயிற்றுநராகவோ கற்பித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற பறப்புப் பயிற்றுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும், அல்லது பாட அறிவும் கற்பித்தல் அறிவும் குறையவில்லை என்று வேறொரு பயிற்றுநரிடம் காட்டி அவர் கையொப்பத்தைப் பெற்றிருக்க வேண்டும். நடத்தும் ஒவ்வொரு வகுப்புக்கும் தேதி, மாணவர் பெயர், பாடம், நேரம் ஆகியவற்றைத் தனி நோட்டில் எழுதிவைத்தால், கேள்வி எழும்போது காட்ட அது ஒன்றே போதும்.

வீடு மாறினால் 30 நாட்களுக்குள் புதிய முகவரியை எஃப்ஏஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால், தெரிவிக்கும் வரை கற்பிக்கும் உரிமை நின்றுவிடும். இணையத்தில் சில நிமிட வேலைதான்.